ஆழ்கடல் பூஞ்சை யாருக்குச் சொந்தம்?

புது தில்லி: ஆழ்கடல் என்றாலே தலைநகரில் பேசப்படுவது நிக்கலும் கோபால்ட்டும்தான். அந்த உலோகக் கட்டிகள் கிடக்கும் சேற்றில் வாழும் பூஞ்சைகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் அதிகம் பேச்சில்லை.

மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் கனிமக் கட்டிகளை ஆராய இந்தியா ஒப்பந்தம் பெற்றிருக்கிறது. அதே படுகையில், சுமார் 5,000 மீட்டர் ஆழத்துச் சேற்றிலிருந்து கோவாவின் தேசிய கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து, 2006-இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டனர். ஆனால், 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, தேச எல்லைகளுக்கு அப்பாலுள்ள கடல்தளத்தின் 'வளம்' என்று கூறுவது கனிமங்களை மட்டுமே. கட்டிக்கு ஒப்பந்தம் உண்டு. அடியிலிருக்கும் பூஞ்சையோ எடுத்தவர் கைப்பொருள்!

அந்தப் பூஞ்சையில் அப்படி என்ன இருக்கிறது? ஏறத்தாழ 500 மடங்கு வளிமண்டல அழுத்தத்திலும் கடுங்குளிரிலும் பிழைக்கும் இவ்வுயிர்களிடம் புதுவகை வேதிப்பொருள்கள் கிடைக்கின்றன. ஆழ்கடல் பூஞ்சையொன்றிலிருந்து சீன விஞ்ஞானிகள் பிரித்த சேர்மங்கள் இன்ஃபுளுயன்சா வைரஸைத் தடுப்பதாக 2016-இல் தெரிவிக்கப்பட்டது. இவை ஆய்வக முடிவுகளே. ஆழ்கடல் பூஞ்சை தந்த வைரஸ் எதிர்ப்பு மருந்து எதுவும் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. எனினும், கடற்பஞ்சு ஒன்றில் 1950-களில் கண்டறிந்த சேர்மங்கள்தான் பிற்காலத்தில் ஹெர்பிஸ் நோய்க்கான விடாரபின் மருந்துக்கு வழிகாட்டின.

2023-இல் நிறைவேறிய திறந்த கடல் உயிரினப் பன்மை ஒப்பந்தம், இத்தகைய கண்டுபிடிப்புகளின் பலனைப் பகிர வேண்டும் என்கிறது. 2024 செப்டம்பரில் இந்தியா கையெழுத்திட்டது; 2026 ஜனவரி 17-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு சேகரித்த மாதிரிகளின் பயன்பாட்டுக்கும் ஒப்பந்தம் பொருந்தும். ஆனால் ஏற்புறுதி அளிக்கும் நாடு, இதற்கு எழுத்துமூலம் விலக்குக் கோரலாம். சிக்கல் இங்குதான் இருக்கிறது. பல்லாண்டுகளாகச் சேறு அள்ளிச் சேமித்த நாடுகளுக்கு விலக்கு லாபம். வளரும் நாடுகளுக்காக வாதாடும் இந்தியாவிடமும் சேமிப்பு இருப்பதை அதிகாரிகள் அறியாதவர்கள் அல்லர்.

உள்நாட்டுச் சட்டத்தை வரைய 2025-இல் புவி அறிவியல் அமைச்சகம் குழு அமைத்தது. 2021-இல் ரூ.4,077 கோடி மதிப்பில் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் இயக்கத்தில், நுண்ணுயிர்களிலிருந்து பயனுள்ள பொருள்களைத் தேடுவதும் அடக்கம். பொதுப்பணத்தில் எடுத்த பூஞ்சையைத் தனியார் மருந்து நிறுவனம் காப்புரிமை செய்துகொண்டால் அரசுக்கும் பிற நாடுகளுக்கும் என்ன பங்கு என்பதைச் சட்டம் சொல்லியாக வேண்டும். கோவாவிலுள்ள பழைய மாதிரிகள் அந்தக் கணக்கில் சேருமா என்பதையும்.