கண்ணுக்குச் சாம்பல்... கேமராவுக்குப் பச்சை! துருவ ஒளியை முதன்முறை படம் எடுக்கப் போகிறீர்களா?

நார்வேயில், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி வடக்கே சுமார் 350 கி.மீ தொலைவில் இருக்கிறது ட்ரோம்சோ நகரம். அங்கே ஒரு பிப்ரவரி மாத இரவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஊர் விளக்குகளைவிட்டு விலகி ஒரு மணி நேரம் ஓடிய வேன், பனி மூடிய வெட்டவெளி ஒன்றின் ஓரமாக நிற்கிறது. வெளியே மைனஸ் 15 டிகிரி குளிர். பயணிகள் இறங்கியதும் வழிகாட்டி வானத்தைக் காட்டி, "அதோ, ஆரம்பிச்சிடுச்சு" என்கிறார்.

எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மலைக்கு மேலே வெளிறிப்போன ஒரு கோடு. மேகம் மாதிரிதான் தெரிகிறது. 'இதற்காகவா இத்தனை வருஷம் பணம் சேர்த்தோம்?' என்று ஒருவரின் முகம் வாடுகிறது. அந்த நேரம் பக்கத்தில் நிற்பவர் மொபைலை உயர்த்தி ஒரு படம் எடுக்கிறார். திரையில் பளீரென்று பச்சை!

"அப்போ இன்ஸ்டாகிராம்ல பார்த்ததெல்லாம் பொய்யா?"

பொய் இல்லை. கண்ணும் கேமராவும் ஒரே வானத்தை இரண்டு விதமாகப் பார்க்கின்றன. இது புரிந்துவிட்டால், துருவ ஒளியைப் படம் எடுப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கைக்குப் பழக வேண்டிய சில விஷயங்கள்.

கண் ஏன் தடுமாறுகிறது?

நம் விழித்திரையில் இரண்டு வகை செல்கள் உண்டு. நிறத்தை உணரும் கூம்பு செல்களுக்கு நல்ல வெளிச்சம் தேவை. இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்களுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் மங்கலான துருவ ஒளி நமக்குச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. ஒளி வலுவாக ஆடும்போது கூம்பு செல்களும் விழித்துக்கொள்ளும். அப்போது வெறும் கண்ணுக்கே பச்சை நிறம் தெளிவாகத் தெரியும். சில நேரம் கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பும் சேர்ந்துகொள்ளும்.

கேமராவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஷட்டர் திறந்திருக்கும் அத்தனை வினாடியும் வந்து விழும் ஒளியை அது சேர்த்து வைத்துக்கொள்கிறது. பானையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிறைவது போல. அந்தப் பச்சை, ஆப் போட்டுப் பூசிய நிறமல்ல. சூரியனிலிருந்து கிளம்பும் மின்னூட்டத் துகள்களின் ஆற்றல் பூமியின் காந்தப்புலத்துக்குள் சேர, அந்தப் புலம் முடுக்கிவிடும் எலெக்ட்ரான்கள் துருவப் பகுதிகளில் பாய்ந்து, வளிமண்டலத்து அணுக்களில் மோதுகின்றன. சுமார் 100 கி.மீ உயரத்துக்கு மேலே ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்கிறது. 200 கி.மீ-க்கும் மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாகிறது. நீலம், ஊதா நிறங்கள் நைட்ரஜனின் உபயம்.

எங்கே, எப்போது?

நார்வேயின் ட்ரோம்சோ, ஸ்வீடனின் அபிஸ்கோ, பின்லாந்தின் லாப்லாந்து, ஐஸ்லாந்து, கனடாவின் யெல்லோநைஃப், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ்... இவையெல்லாம் புகழ்பெற்ற இடங்கள். காந்தத் துருவத்தைச் சுற்றி வளையம் போல அமைந்திருக்கும் ஒளிப் பட்டையின் கீழே அல்லது அதற்கு அருகில் இவை இருக்கின்றன.

செப்டம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கோடையில் அங்கே இரவே இருட்டாகாது என்பதால் ஒளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. செப்டம்பர், மார்ச் மாதங்களை ஒட்டிக் காந்தப்புயல்கள் சற்று அதிகம். குளிரும் ஜனவரியைவிடக் குறைவு. சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சக் கட்டத்தை அடைந்துவிட்டதாக நாசாவும் அமெரிக்காவின் நோவா அமைப்பும் 2024 அக்டோபரில் அறிவித்தன. உச்சம் முடிந்ததும் ஒளி நின்றுவிடாது. அடுத்த சில ஆண்டுகளிலும் வலுவான இரவுகள் வரும்.

காந்தப்புலத்தின் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை அளந்து சொல்லும் 'கே.பி' எண்ணை ஆப்களில் பார்க்கலாம். புதியவர்கள் பலர் இந்த எண் 5, 6 என்று ஏறாதா எனக் காத்துக் கிடப்பார்கள். ட்ரோம்சோ போன்ற இடங்களில் 1, 2 இருந்தாலே போதும். அங்கே உண்மையான எதிரி மேகம்தான். எனவே முதலில் மேக வரைபடத்தைப் பாருங்கள், பிறகு கே.பி எண்ணைப் பாருங்கள். ஒரே இரவை நம்பிப் போகாமல், குறைந்தது 3, 4 இரவுகள் தங்கும்படி திட்டமிடுங்கள்.

கேமராவில் என்ன வைக்க வேண்டும்?

விலை உயர்ந்த கேமரா கட்டாயமில்லை. மேனுவல் மோடு உள்ள எந்த கேமராவும் சரி. ஆனால், ட்ரைபாட் இல்லாமல் போகாதீர்கள். பல வினாடிகள் அசையாமல் பிடித்திருக்க யாருடைய கையாலும் முடியாது.

* அப்பர்ச்சர்: உங்கள் லென்ஸில் எவ்வளவு அகலமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு. எஃப் 2.8 இருந்தால் நல்லது. கேமராவுடன் வரும் சாதாரண லென்ஸ் என்றால் 18 மி.மீ-ல் வைத்து எஃப் 3.5.
* ஐ.எஸ்.ஓ: 1600-ல் தொடங்குங்கள். படம் இருட்டாக வந்தால் 3200.
* ஷட்டர்: ஒளி மங்கலாக, அசையாமல் இருந்தால் 10 முதல் 15 வினாடி. வேகமாக ஆடத் தொடங்கினால் 1 முதல் 4 வினாடி. அந்த நேரத்தில் 15 வினாடி வைத்தால், திரைச்சீலை போன்ற மடிப்புகள் எல்லாம் கரைந்து பச்சைப் புகையாகிவிடும்.
* ஒயிட் பேலன்ஸ்: 3500 முதல் 4500 கெல்வினுக்குள். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் நிறம் மாறும்.
* ரா ஃபைல்: ஜேபெக்கோடு இதையும் சேர்த்து எடுங்கள். வீட்டுக்கு வந்து திருத்தும்போது கைகொடுக்கும்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். 2 வினாடி டைமர் வைத்தால், பட்டனை அழுத்தும் அதிர்வு படத்தில் வராது. லென்ஸின் முன்னால் பாதுகாப்புக்காக மாட்டியிருக்கும் ஃபில்ட்டரைக் கழற்றிவிடுங்கள். அதை மாட்டி எடுத்தால், படத்தின் நடுவே வட்ட வட்டமாகக் கோடுகள் விழ வாய்ப்புண்டு. பிறகு அதை நீக்குவது பெரும்பாடு.

ஃபோகஸ்... இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்!

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தேடித் தேடித் தோற்றுவிடும். சிறிய திரையில் பார்க்கும்போது படம் நன்றாக இருப்பது போலத்தான் தோன்றும். ஊருக்குத் திரும்பி லேப்டாப்பில் திறந்தால், நட்சத்திரம் ஒவ்வொன்றும் பருத்திக்கொட்டை மாதிரி ஊதியிருக்கும். அந்த இரவைத் திரும்ப வாங்க முடியாது.

வழி எளிது. மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். லைவ் வியூவில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தையோ, தொலைதூர விளக்கையோ பெரிதாக்கிப் பாருங்கள். அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை லென்ஸ் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். பிறகு வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸில் இருக்கும் இன்ஃபினிட்டி குறியை மட்டும் நம்ப வேண்டாம், பல லென்ஸ்களில் அது துல்லியமாக இருக்காது. முதல் படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கி நட்சத்திரங்களைச் சரிபாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை மீண்டும் பாருங்கள்.

இந்தப் பயிற்சிக்கு நார்வே போக வேண்டியதில்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டு மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டு நட்சத்திரங்களைப் படம் எடுத்துப் பழகுங்கள். திரையைப் பார்க்காமலே எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று விரல் கண்டுபிடிக்க வேண்டும். முடிந்தால் கையுறை போட்டுக்கொண்டு பழகுங்கள்!

மொபைல் மட்டும்தான் இருக்கிறதா?

கவலை வேண்டாம். இப்போதைய மொபைல்களின் நைட் மோடு நன்றாகவே வேலை செய்கிறது. மொபைலை ட்ரைபாடில் பொருத்தினால், ஐபோனில் 30 வினாடி வரை வைக்க முடியும். பிக்ஸலின் நட்சத்திரப் பட வசதி 4 நிமிடம் வரை போகும். ஆனால், வேகமாக ஆடும் ஒளிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. 3 வினாடிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். 1எக்ஸ் மெயின் கேமராவையே பயன்படுத்துங்கள். பெரும்பாலான மொபைல்களில் இருட்டுக்கு ஏற்ற லென்ஸ் அதுதான்.

குளிர் வைக்கும் செக்

குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும். மாற்று பேட்டரியையும் பவர் பேங்கையும் உடம்பின் சூடு படும் உள்பாக்கெட்டில் வையுங்கள். மெல்லிய கையுறை ஒன்று, அதன் மேல் தடிமனான கையுறை ஒன்று என இரண்டு அடுக்காகப் போட்டுக்கொண்டால், பட்டனைத் தொட வெளிக் கையுறையை மட்டும் கழற்றினால் போதும். உலோக ட்ரைபாடை வெறுங்கையால் தொடாதீர்கள். லென்ஸ் மேல் மூச்சு விடாதீர்கள், உடனே உறைந்து படலமாகிவிடும்.

அறைக்குத் திரும்பும்போதும் ஒரு கவனம் தேவை. குளிர்ந்த கேமராவை அப்படியே கதகதப்பான அறைக்குள் கொண்டுபோனால் வியர்த்துவிடும். வெளியிலேயே அதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூடி, அறையில் இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அன்றைய படங்களைப் பார்க்க ஆசையாக இருந்தால், மெமரி கார்டை முன்பே கழற்றிக்கொள்ளுங்கள்.

கார் ஓட்டிப் போகிறவர்கள், ஒளியைக் கண்டதும் சாலை நடுவே நிறுத்தவே கூடாது. பனி வழுக்கும் இருட்டுச் சாலையில் பின்னால் வருபவருக்கு உங்கள் கார் தெரியாமல் போகலாம். வாகன நிறுத்துமிடம் வரும் வரை பொறுங்கள்.

ஒரு படம் என்ன செய்துவிடும்?

துருவ ஒளியின் முதல் புகைப்படத்தை 1892-ம் ஆண்டு ஜனவரியில், வடக்கு நார்வேயின் ஆல்டா அருகே ஜெர்மானியரான மார்ட்டின் பிரெண்டல் எடுத்தார். பின்னர் நார்வே விஞ்ஞானி கார்ல் ஸ்டோர்மர், தொலைபேசியால் இணைக்கப்பட்ட இரண்டு இடங்களிலிருந்து ஒரே நொடியில் படம் எடுக்க வைத்தார். பின்னணி நட்சத்திரங்களை வைத்து இரண்டு படங்களையும் ஒப்பிட்டு, இந்த ஒளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டார்.

அது விஞ்ஞானிகள் கதை. நம்மைப் போன்றவர்களின் கதையும் உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த அமெச்சூர் புகைப்படக்காரர்கள், வானத்தில் ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய நாடாவை அடிக்கடி படம் எடுத்துவந்தார்கள். பெயர் தெரியாத அதற்கு விளையாட்டாக 'ஸ்டீவ்' என்று பெயர் வைத்தார்கள். விஞ்ஞானிகள் அந்தப் படங்களை செயற்கைக்கோள் தரவுகளோடு ஒப்பிட்டு, வழக்கமான துருவ ஒளியிலிருந்து அது வேறுபட்டது என்று 2018-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்டீவ் என்ற பெயரே நிலைத்துவிட்டது! எனவே, கேமராவில் தேதி, நேரத்தை உள்ளூர் நேரத்துக்குச் சரியாக மாற்றி வையுங்கள். திருத்தும்போதும் நிறத்தைக் கண்டபடி ஏற்றாதீர்கள். வானத்தில் இருந்தது படத்தில் இருக்கட்டும்.

நம் நாட்டிலும் இப்படி ஓர் இரவு வந்தது. 2024 மே மாதம் பெரும் காந்தப்புயல் தாக்கியபோது, லடாக்கின் ஹன்லேயில் வானத்தின் அடிவிளிம்பு சிவந்திருந்ததை அங்குள்ள கேமராக்கள் பதிவு செய்தன.

குடும்பத்தோடு ஒரு படம்

ட்ரைபாடில் கேமரா, 4 வினாடி ஷட்டர், 10 வினாடி டைமர். எல்லோரும் போய் நின்று, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு சிலை மாதிரி நில்லுங்கள். ஷட்டர் திறந்ததும் ஒருவர் ஓரத்திலிருந்து மங்கலான டார்ச்சை அரை வினாடி மட்டும் முகங்களின் மேல் காட்டினால் போதும். யாராவது சிரித்து அசைந்துவிட்டால் இன்னொரு முறை!

அதன் பிறகு கேமராவில் இன்டர்வெல் டைமரைப் போட்டுவிடுங்கள். அது பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். மொபைலைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, திரை வெளிச்சமே படாமல் 20 நிமிடம் நில்லுங்கள். இருட்டுக்குக் கண் பழக அவ்வளவு நேரமாகும். சற்று முன்பு சாம்பல் கோடாகத் தெரிந்தது, இப்போது தலைக்கு மேலே மெல்ல நகர்வது தெரியும். வீட்டுக்கு வந்தபின் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த 20 நிமிடத்தை அங்கேதான் பார்க்க முடியும்.