குகைக்குப் போகும் வழியில்

அந்தமானின் பாரடாங் தீவில் ஒரு சுண்ணாம்புக்கல் குகை இருக்கிறது. நிலம்பூர் படகுத்துறையில் விசைப்படகில் ஏறினால் முதலில் அகலமான கடற்கழி. பிறகு படகு வேகத்தைக் குறைத்து, அலையாத்தி மரங்களுக்கு இடையிலுள்ள ஒரு சின்ன வாய்க்காலில் நுழைகிறது. இரண்டு கரையிலிருந்தும் கிளைகள் வளைந்து தலைக்கு மேல் கூரை போடுகின்றன. தண்ணீரில் கையை விடாதீர்கள், முதலை உண்டு என்கிறார் படகோட்டி. அதுவரை தண்ணீரில் அளைந்துகொண்டிருந்த கைகள் எல்லாம் மடிக்கு வந்துவிடுகின்றன.

இறங்கியதும் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடை. வேர்கள் குறுக்கே ஓடும் ஒற்றையடிப் பாதை. காற்று அசையாத காடு. பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடுகிறது. பாதை முடியுமிடத்தில் பாறை பிளந்து வழிவிடுகிறது. உள்ளே போகப் போக வெளிச்சம் குறைகிறது. வழிகாட்டியின் டார்ச் மேலே திரும்பும்போதுதான் தெரிகிறது, கூரை முழுவதும் கல் தொங்குகிறது என்று. திரைச்சீலை மடிப்பு மடிப்பாக விழுவது போல ஒரு பக்கம், ஆலம் விழுதுகள் போல இன்னொரு பக்கம். வழிகாட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமி பெயர் வைத்திருக்கிறார்.

உண்மைக் கதை இன்னும் விசேஷமானது. இது ஒரு காலத்தில் கடலடி. சிப்பிகளும் பவளங்களும் செத்துப் படிந்து பாறையாகி, நிலம் உயர்ந்தபோது மேலே வந்தது. மழைநீர் காட்டு மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்துவிடுகிறது. அந்த நீர் சுண்ணாம்பைக் கரைத்து, கூரையில் சொட்டும்போது கொஞ்சத்தை அங்கேயே விட்டுப் போகிறது. இப்படி வளரும் கல் ஒரு வருடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. விரலால் தொட்டால் தோலின் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தில் வளர்ச்சியே நின்றுவிடலாம். "தொடாதீங்க" என்று வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இதுவரை சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன். நான் இங்கே வந்து சேர்ந்த வழி.

விடிவதற்கு முன்பே போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கிளம்பி, ஜிர்காடாங் செக்போஸ்டில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடிகளின் காடு. வண்டிகள் கூட்டமாக, காவலுடன்தான் போகலாம். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது. இந்தக் காட்டுக்குள் சாலை வந்தபோது ஜாரவாக்கள் அம்பெய்து எதிர்த்தார்கள். 1997க்குப் பிறகுதான் அவர்களாகவே வெளியே வரத் தொடங்கினார்கள். 1999ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 380 பேர். வெளியாட்கள் கொண்டுவரும் ஒரு நோய் அவ்வளவு பேரை என்ன செய்யும் என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம்.

சாலையின் இந்தப் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002ல் உத்தரவிட்டது. மூடவில்லை. 2012 ஜனவரியில், சாப்பாட்டுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் வீடியோவை ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை வெளியிட்டது. நாடே தலைகுனிந்தது. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் இந்தச் சாலையில் போகத் தடை வந்தது. மார்ச்சில் அது விலகியது. வரிசை மறுபடி நீண்டது. கடல் வழியாகவே பாரடாங் போகலாம் என்ற பேச்சு அப்போதிலிருந்து நடக்கிறது.

எங்கள் வண்டியில் எட்டுப் பேர். குகையைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் ஜன்னலோரம். "இன்னைக்குக் கண்ணுல படுவாங்களா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். டிரைவர் பதில் சொல்லவில்லை. ஒரு வளைவில் மரங்களுக்கு நடுவே ஏதோ அசைந்தது. எட்டுத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. என் தலையும்தான். போகுமுன் இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன்.

அது வெறும் கிளை. ஆனால் நான் திரும்பிய விதம் எனக்குத் தெரியும். உயிரியல் பூங்காவில் கூண்டைப் பார்த்துத் திரும்புவது போல.

குகை பார்க்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் போகும் நாளில் கடல் வழியில் படகு கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். நேரமும் பணமும் கூடுதலாக ஆனாலும் அதில் போங்கள். கிடைக்காவிட்டால் அந்தமானில் பார்க்க வேறு இடமா இல்லை? வளர இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்ட கல், நீங்கள் அடுத்த முறை வரும்வரை காத்திருக்கும்.