நூறு சதவீதத் தேர்ச்சி சரி... ஒன்பதாம் வகுப்புல எத்தனை பேர் இருந்தாங்க?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்னிக்கே வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் சுத்த ஆரம்பிச்சுடும். நம்ம மாவட்டத்துல எந்த அரசு உயர்நிலைப் பள்ளி முதலிடம், எது கடைசி இடம்னு. முதல் பள்ளிக்குச் சால்வை. கடைசிப் பள்ளி எச்.எம்.முக்கு மாவட்ட மீட்டிங்ல அர்ச்சனை. நம்ம தோழர்களே பல பேர் அதை ஃபார்வர்டு பண்றீங்க. "பாரு, உங்க ஊரு ஸ்கூலோட லட்சணத்த"ன்னு கிண்டல் வேற.

பண்றதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க தோழர்களே.

உதாரணத்துக்கு ரெண்டு பள்ளி. ரெண்டுலயும் ஒன்பதாம் வகுப்புல 100 பிள்ளைங்க சேர்ந்தாங்க.

👉 முதல் பள்ளி: பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினது 70 பேர். 70 பேரும் பாஸ். தேர்ச்சி 100%.
👉 ரெண்டாவது பள்ளி: எழுதினது 96 பேர். பாஸ் 88 பேர். தேர்ச்சி 91.7%.

பட்டியல்ல ஜெயிச்சது முதல் பள்ளி. ஆனா கரை சேர்ந்த பிள்ளைங்க அங்க 70, இங்க 88. பட்டியல் எந்தப் பள்ளியத் திட்டுதோ, அந்தப் பள்ளிதான் 18 குடும்பத்துக்குக் கூடுதலா விளக்கேத்தி வெச்சிருக்கு!

சரி, முதல் பள்ளியில அந்த 30 பேர் எங்க போனாங்க?

அரசுப் பள்ளியில படிச்ச எல்லாருக்கும் இதுக்குப் பதில் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தோட பாதுகாப்பு எட்டாம் வகுப்போட முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் "மெல்லக் கற்கும் மாணவர்"னு ஒரு முத்திரை. ஒன்பதாம் வகுப்புலயே நிறுத்தி வைக்கிறது, "வேற ஸ்கூல் பாத்துக்கோங்க"ன்னு டி.சி. கொடுக்கிறது, "தனித்தேர்வரா எழுதிக்கோ"ன்னு நாமினல் ரோல்ல பேரே இல்லாம பண்றது. எல்லாப் பள்ளியும் இப்படிப் பண்றதில்ல. ஆனா பண்ற பள்ளிக்குப் பரிசும், பண்ணாத பள்ளிக்குத் திட்டும் கொடுக்கிற பட்டியல் இது.

நானும் அரசுப் பள்ளிதான். ஒன்பதாவதுல என் பக்கத்துல உக்காந்திருந்தவன் கணக்குல வீக். ஆனா சைக்கிள் டைனமோவப் பிரிச்சு மாட்டுறதுல எங்க யாரவிடவும் கெட்டிக்காரன். வருஷக் கடைசியில அவங்க அம்மாவக் கூப்பிட்டுப் பேசினாங்க. அடுத்த ஜூன்ல பெஞ்சுல அவன் இல்ல. அந்த வருஷம் எங்க ஸ்கூல் வாசல்ல நூறு சதவீதத் தேர்ச்சி பேனர் கட்டினாங்க. அந்த பேனர்ல என் போட்டோவும் இருந்துச்சு. நான் இன்ஜினியரிங் முடிச்சுட்டேன். அவன் பத்தாவதே எழுதல. இன்னிக்கும் அந்த பேனர நெனச்சா எனக்குக் கூசுது.

பரீட்சையில ஃபெயிலாகுறது ஒரு பெரிய விஷயமே இல்லங்க. அதே வருஷமே துணைத் தேர்வு இருக்கு, எழுதிப் பாஸ் பண்ணிட்டு அப்படியே பிளஸ் ஒன் சேரலாம். ஆனா எழுதவே விடாம வெளிய அனுப்பின பிள்ளைக்கு எந்தத் துணைத் தேர்வு இருக்கு?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரம், ஹாரிஸ் கவுண்டியில இருக்கு. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. அங்க ஷார்ப்ஸ்டவுன்னு ஒரு அரசு ஹைஸ்கூல். 2001-02 கல்வியாண்டுல இடைநிற்றல் பூஜ்யம்னு கணக்குக் காட்டுச்சு. நிஜத்துல 400 பேருக்கு மேல பள்ளிய விட்டுப் போயிருந்தாங்க. 2003ல குட்டு வெளிப்பட்டுச்சு. அப்புறம் 2008ல அந்த நாட்டுக் கல்வித் துறை ஒரு விதி கொண்டுவந்துச்சு. ஒன்பதாம் வகுப்புல சேர்ந்தவங்கள்ல நாலு வருஷத்துல எத்தனை பேர் முடிச்சாங்கன்னுதான் கணக்குப் போடணும். ஒரு மாணவர் வேற பள்ளிக்குப் போயிட்டார்னு சொன்னா, அதுக்கு எழுத்துப்பூர்வமா ஆதாரம் வேணும்.

நம்மகிட்ட அதுக்கான வசதி இல்லையா? இருக்கு! தமிழ்நாட்டுல ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் நம்பர் இருக்கு. டி.சி. வாங்கின பிள்ளை வேற பள்ளியில சேர்ந்துச்சா, இல்ல எங்கயும் சேரலையான்னு பாக்க அந்த டேட்டா போதும். ஒரு கல்லூரிப் பையன் ஒரே நாள்ல எழுதுற புரோகிராம் இது.

"அப்ப வாத்தியார்களை யாருமே கேள்வி கேக்கக் கூடாதா?"ன்னு கமெண்ட்ல வருவீங்க. தாராளமா கேளுங்க. சரியான கேள்வியக் கேளுங்க. பெண்கள் பள்ளியையும் ஆண்கள் பள்ளியையும் ஒரே தட்டுல வெச்சு நிறுக்காதீங்க. வருஷா வருஷம் தேர்ச்சியில பொண்ணுங்கதான் முன்னாடி நிக்கிறாங்க. மலைக் கிராமத்துல 12 பேர் எழுதி ஒருத்தன் ஃபெயிலானாலும் அதே 91.7%தான். ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்தா ஒரு பள்ளியே "மோசமான பள்ளி" ஆயிடுமா?

2017லயே மாணவர்களுக்கு மாநில ரேங்க் அறிவிக்கிறத நிறுத்தியாச்சு. பிள்ளைங்களுக்கு மன அழுத்தம்னு சொல்லி எடுத்த நல்ல முடிவு. அதே அழுத்தத்தப் பள்ளி மேல ஏத்தினா, அது கடைசி பெஞ்சுப் பிள்ளை தலையிலதான் வந்து இறங்கும்.

நாம கேக்குறது நாலே நாலு எண். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வெளியிடுங்க:

1. ஒன்பதாம் வகுப்புல சேர்ந்தவங்க எத்தனை பேர்?
2. அவங்கள்ல பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினவங்க எத்தனை பேர்?
3. துணைத் தேர்வையும் சேர்த்துப் பாஸானவங்க எத்தனை பேர்?
4. அந்த ரெண்டு வருஷத்துல எந்தப் பாடத்துக்கு, எத்தனை மாசம் ஆசிரியர் இடம் காலியா இருந்துச்சு?

தோழர்களே, பட்டியல ஃபார்வர்டு பண்றத நிறுத்துங்க. உங்க ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்க. இந்த நாலு கேள்வியக் கேளுங்க. பதில் வரலைன்னா 10 ரூபாய் கட்டணத்துல தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. 30 நாள்ல பதில் சொல்லியாகணும்.

உங்க வகுப்புலயும் பாதியில காணாமப் போன ஒரு நண்பன் இருப்பான். அவன நெனச்சுக்கிட்டு இதை ஷேர் பண்ணுங்க.

#ஒன்பதாம்_வகுப்புல_எத்தனை_பேர்
#அரசுப்பள்ளி_நம்_பள்ளி