ஊர் கேட்கும் ஸ்கிரிப்டுகள்

ராயபுரம், திருவொற்றியூர் என்று முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை வட சென்னைப் பையன்கள் நன்றாக அறிவார்கள். என்ன வேலை தெரியும் என்று கேட்பதில்லை, ஏரியாவைக் கேட்டதோடு முடிவு கட்டிவிடுகிறார்கள். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கும் இதே புத்திதான். முதல் வரியிலேயே "நீ விண்டோஸா, லினக்ஸா?" என்று விசாரணை!

கேட்பது சுலபம். ஷெல்லில் 'யுனேம்', பைத்தானில் 'சிஸ்.பிளாட்ஃபார்ம்', பிரவுசரில் 'யூசர் ஏஜென்ட்'. வருகிற பதில்தான் கோளாறு. 64 பிட் விண்டோஸிலும் பைத்தான் 'வின்32' என்றே சொல்லும். ஆண்ட்ராய்டு போனில் யுனேம் அடித்தால் 'லினக்ஸ்'. விண்டோஸ் 11-இல் ஓடும் பிரவுசர் 10 என்று சொல்கிறது. பெயருக்குள் 'வின்' இருந்தால் விண்டோஸ்தான் என்று எழுதிய மேதாவிகளும் உண்டு. மேக் கணினி சொல்லும் பெயர் 'டார்வின்'. அப்புறம் என்ன, மேக்கும் விண்டோஸ் ஆகிவிடும் :-)

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், அடி வாங்குவது வேறு யாரோ. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தது. சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவானது அது. 'உபுண்டு', 'டெபியன்' என்று இரண்டே பெயரை எழுதிவைத்த இன்ஸ்டால் ஸ்கிரிப்டுக்கு பாஸ் யாரென்றே தெரியாது. கையை விரித்துவிடும். அதற்குத் தேவையான 'ஆப்ட்' உள்ளே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்! அரசுப் பள்ளிப் பையனுக்கு இது தெரியுமா? தன் கம்ப்யூட்டர்தான் மட்டம் என்று நினைப்பான்.

'கமாண்ட் -வி' என்று ஒரே வரியில் ஆப்ட் இருக்கிறதா எனக் கேட்டிருந்தால் வேலை முடிந்தது. துறைமுகத்துக் கிரேன் கன்டெய்னரிடம் ஊர் பேரா விசாரிக்கிறது? நான்கு மூலை ஓட்டையிலும் பூட்டை நுழைத்துத் திருப்புகிறது, தூக்குகிறது.

பெயர் தேவைப்படும் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியைத் தொடுவதானால் விண்டோஸா என்று பார்த்துத்தான் ஆகவேண்டும். அங்கே கேளுங்கள், யார் வேண்டாம் என்றது? தெரியாத பெயர் வந்ததும் கதவைச் சாத்துவதுதான் அக்கிரமம். முயன்று பார்த்து, எது இல்லையோ அதைச் சொல்லட்டும். "ஆப்ட் இல்லை" என்றால் பையன் தேடிப் பார்ப்பான். "உங்கள் கணினிக்கு ஆதரவு இல்லை" என்றால் எதைத் தேடுவான்?