சக்கரம் தெரிகிறது, சங்கிலி தெரிகிறதா?

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் ‘தட்சிணசித்ரா’ என்றோர் இடம் உண்டு. 1996-இல் திறக்கப்பட்டது. பழைய வீடுகளைத் தூணும் கதவுமாகப் பெயர்த்தெடுத்து வந்து, அங்கே மீண்டும் எழுப்பி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, உழவர் வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு எனப் பல. சக்கரம் சுழல்கிறது; களிமண் கலயமாகிறது; கூடி நிற்போர் கைதட்டுகின்றனர்.

கைதட்டட்டும்! நாமும் தட்டுவோம். அழிய இருந்ததைக் காத்தது நற்பணியே. கைத்தொழிலை இகழ்வது நம் கொள்கையன்று. உழைப்போரின் கைத்திறமே நாட்டின் உண்மையான செல்வம் என்பவர்கள் நாம்.

ஆனால், இத்தகைய இடங்களைக் கண்டு திரும்புவோரில் சிலர் விடும் பெருமூச்சு இருக்கிறதே, அதை நாம் ஒப்புவதற்கில்லை. “ஆகா, அந்தக் காலம்! அவரவர் தொழிலை அவரவர் செய்தனர், ஊர் செழித்தது!” என்கிறார்கள்.

அவரவர் தொழிலாம்! வகுத்தவர் எவர்? குயவர் மகன் மண் மிதித்தது அவன் விரும்பித் தேர்ந்ததாலா, அங்கே பிறந்ததாலா? செழித்தது ஊரா, ஊரில் சிலரா? வணிகர் வீட்டு முற்றத்தையும் குயவர் வீட்டு முற்றத்தையும் அடியால் அளந்து பாருங்கள், தோழர்களே! விடை தரையிலேயே கிடக்கிறது.

காஞ்சிப் பட்டை எடுத்துக்கொள்வோம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் எனக் கோர்வை போட்டு நெய்ய ஒருவர் கை போதாது. மறுகரையில் நாடா வீச மற்றொருவர் வேண்டும். நெடுங்காலம் அவ்விடத்தில் அமர்ந்தவர் யார்? பள்ளியில் அமர்ந்திருக்க வேண்டிய சிறுவர்! பெற்றோர் வாங்கிய கடனுக்கு ஈடாகத் தறியில் அமர்த்தப்பட்ட பிள்ளைகளும் உண்டு. பட்டின் பளபளப்பைக் காணும் கண், அந்தப் பிள்ளையின் கண்ணீரைக் காண வேண்டாமா?

பெருமூச்சுதானே, போகட்டும் என்று விடுவதற்கில்லை. அது ஒருமுறை அரசின் திட்டமாகவே வந்தது. 1953-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய வேளையில் பெற்றோர் தொழிலைப் பிள்ளை பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று கூறி நாடு கொதித்தது. 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. முடிந்ததா? 2023-இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டு, குடும்பவழித் தொழிலாய் இருத்தல் வேண்டும் என்றது. அந்த நிபந்தனையை நீக்கக் கோரி 2024-இல் தமிழ்நாடு அரசு எழுதிற்று. 2025-இல் குலம் பாராது 25 கைத்தொழில்களுக்கு உதவும் தனித் திட்டம் கண்டது. வேடம் மாறுகிறது, வினா மாறவில்லை.

பழைமையைக் காப்பதென்றால் எப்படி? சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமைப் பாருங்கள். 1891-இல் ஆர்ட்டூர் ஹசேலியுஸ் அங்கே தொடங்கிய ‘ஸ்கான்சென்’, இத்தகைய திறந்தவெளிக் காட்சியகங்களுக்கு முன்னோடி. கண்ணாடி ஊதுவோர் உண்டு. பண்ணை மாளிகை உண்டு. அதோடு, பண்ணைக் கூலிகள் நெருங்கி வாழ்ந்த வரிசை வீடும் உண்டு! கூலியில் பெரும்பகுதியைக் காசாக அன்றித் தானியமாகவும் பாலாகவும் பெற்று, ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தவர்கள் அவர்கள். அம்முறை 1945-இல் ஒழிந்தது. கொடுமையை ஒழித்தார்கள், கொடுமை நடந்ததை மறைக்கவில்லை.

நமக்கும் அதுவே வேண்டும். சேரியைக் காட்டாத சிற்றூர்க் காட்சி பாதிக் காட்சியே. தோல் பதனிட்டவர், துணி வெளுத்தவர், மலம் சுமந்தவர் குடிசைகளும் அங்கே எழட்டும். தறியின் அருகே நெய்தவர் பெற்ற கூலியும், அதை விற்றவர் பெற்ற விலையும் எழுதப்படட்டும்.

இளைஞர்களே, இத்தகைய இடங்களுக்குச் செல்லுங்கள். மூன்று கேள்விகளை உடன் கொண்டு செல்லுங்கள். செய்தவர் யார்? பெற்ற கூலி என்ன? வேறு தொழில் செய்ய அவரை விட்டார்களா?

குயவர் மகள் மருத்துவராகட்டும். மருத்துவர் மகன் விரும்பினால் மண் பிசையட்டும். அன்றுதான் கைத்தொழில் கலையாகும். சக்கரத்தைச் சுழல விடுவோம். சங்கிலியை அறுத்து, அதை அருங்காட்சியகத்தில் வைப்போம்!