முட்டை ஒத்துக்காத குழந்தைக்கு தட்டம்மை ஊசி போடலாமா?

எட்டு மாதக் குழந்தைக்கு முதன்முதலாக முட்டை ஊட்டுகிறார்கள். சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். வீடே பதறிப் போகிறது. அடுத்த மாதம் தட்டம்மை ஊசி போட வேண்டும். "அந்த ஊசியே முட்டையிலதான் தயாரிக்கிறாங்களாம்" என்று யாரோ ஒருவர் சொல்கிறார். அவ்வளவுதான், ஊசி தள்ளிப் போகிறது!

இந்தப் பயம் முட்டாள்தனம் அல்ல. பிள்ளையின் வீங்கிய முகத்தைப் பார்த்த தாய்க்கு வரும் பயம் நியாயமானதே. ஆனால் உண்மை என்ன?

எம்.எம்.ஆர். தடுப்பூசியில் உள்ள தட்டம்மை வைரஸ் கோழிக்கருவின் செல்களில் வளர்க்கப்படுகிறது. அதனால் ஊசியில் முட்டைப் புரதம் இருந்தாலும் மிக மிகச் சொற்பமே. 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முட்டை ஒவ்வாமை உள்ள 54 குழந்தைகளுக்கு இந்த ஊசி போட்டார்கள். ஒருவருக்கும் கடுமையான ஒவ்வாமை வரவில்லை. நம் ஊர் விஷயம் இன்னும் எளிது. 2017-ல் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்ததே, அதில் போடப்பட்ட சீரம் இன்ஸ்டிட்யூட் ஊசியின் வைரஸ் மனித செல்களில் வளர்க்கப்படுவது. கோழிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

அப்படியென்றால் தடுப்பூசியால் ஒவ்வாமையே வராதா? வரும், மிக அரிதாக. 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சுமார் இரண்டரைக் கோடி டோஸ்களுக்கு 33 பேருக்குத்தான் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தது. எம்.எம்.ஆரைப் பொறுத்தவரை, பல நேரம் குற்றவாளி முட்டை அல்ல, ஊசி மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் ஜெலட்டின். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு மட்டும் முட்டை விஷயத்தில் இன்றும் தனிக் கவனம் தேவை.

இப்போது தராசின் மறுபக்கத்தைப் பாருங்கள். தட்டம்மைக்கு நேரடி மருந்து கிடையாது. நிமோனியா, மூளை வீக்கம் வரை கொண்டு போய் விடும். 2023-ல் மட்டும் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

ஆக, உண்மையான ஆபத்து ஊசியில் இல்லை. "எதுக்கு வம்பு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. பெற்றோர் சொன்னாலும் சரி, சுகாதார நிலையத்தில் நர்ஸ் சொன்னாலும் சரி, அது பாதுகாப்பு போலத் தெரியும், ஆனால் குழந்தையைத் தட்டம்மைக்குத் திறந்து விடுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வாமையை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அட்ரினலின் ஊசி கைவசம் உள்ள இடத்தில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பு போட்ட ஊசிக்கே கடும் ஒவ்வாமை வந்த குழந்தை என்றால், அலர்ஜி நிபுணரைக் கேட்காமல் அடுத்த டோஸ் கூடாது. மற்ற குழந்தைகளுக்குத் தேதி தள்ளக் காரணமே இல்லை.

அரை மணி நேரக் காத்திருப்பா, ஆயுளுக்கும் வருத்தமா? பெற்றோர்களே, யோசியுங்கள்!