ரயில் ஒருத்தரோடது, வேகன் இன்னொருத்தரோடது: விபத்து நடந்தா யார் பொறுப்பு?

2023 பிப்ரவரி 3 இரவு, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சின்ன ஊரில் சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டது. 38 வேகன்கள் சரிந்தன. மூன்று நாள் கழித்து, வினைல் குளோரைடு இருந்த ஐந்து டேங்கர் வேகன்களை அதிகாரிகளே திறந்துவிட்டு எரித்தார்கள். அந்தக் கரும்புகை வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க.

விபத்துக்குக் காரணம் ரசாயன டேங்கர் இல்லை. பிளாஸ்டிக் மணிகள் ஏற்றி வந்த ஒரு ஹாப்பர் வேகனின் சக்கர பேரிங். சேலம் (நம்ம சேலம் இல்லை, ஓஹையோ சேலம்) அருகே தண்டவாள ஓர சென்சார் பார்த்தபோது, சுற்றுப்புறத்தைவிட 103 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகச் சூடு. அடுத்த சென்சார் ஈஸ்ட் பாலஸ்டைனில். அங்கே 253 டிகிரி. அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

ரயிலை ஓட்டியது நார்ஃபோக் சதர்ன் நிறுவனம். ஆனால் அந்த ஹாப்பர் வேகன் அவர்களுடையது இல்லை. அதன் உரிமையாளர் ஜிஏடிஎக்ஸ் என்ற லீஸ் நிறுவனம். எரிந்த ரசாயனம் இன்னொரு நிறுவனத்தின் சரக்கு. ஒரே ரயில், பல முதலாளிகள்.

இது விதிவிலக்கு இல்லை, அங்கே வழக்கமே இதுதான். வட அமெரிக்காவில் டேங்கர் வேகன்கள் கிட்டத்தட்ட எல்லாமே லீஸ் நிறுவனங்களுடையது, இல்லைன்னா சரக்கு அனுப்பும் கம்பெனிகளுடையது. வேகன் மேல் எழுதியிருக்கும் குறியீட்டின் கடைசி எழுத்து 'எக்ஸ்' என்றால், அது ரயில்வே நிறுவனத்தின் சொத்து இல்லை என்று அர்த்தம். ஜிஏடிஎக்ஸ் 1898-ல் சிகாகோவில் 28 பழைய வேகன்களோடு ஆரம்பித்த தொழில். இன்னொரு பெரிய பெயரான யூனியன் டேங்க் கார், ஒரு காலத்தில் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயிலோடது. இப்போ வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே குழுமத்தில் இருக்கு.

சரி, சரக்கு இல்லாத நாளில் இந்த வேகன்கள் எங்கே போகும்?

எங்கேயாவது நிற்கும். அவ்வளவுதான். கச்சா எண்ணெய் விலை விழுந்தாலோ, 2020 மாதிரி பொருளாதாரம் முடங்கினாலோ லட்சக்கணக்கில் வேகன்கள் சும்மா நிற்கும். அதிகம் ரயில் ஓடாத கிளைப் பாதை வைத்திருக்கும் சின்ன ரயில்வேக்கள் அதை வாடகைக்கு விடுகின்றன. ஒரு வேகனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று. கார் பார்க்கிங் மாதிரிதான், ஆனால் கிலோமீட்டர் கணக்கில் நீளம். பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

2017-ல் நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் வனப் பகுதியில் இதுதான் நடந்தது. நஷ்டத்தில் இருந்த ஒரு ரயில் பாதையில், பழைய எண்ணெய் டேங்கர்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். உள்ளூர் மக்கள் கொதித்தார்கள், ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவும் எதிர்த்தார். ஆனால் ரயில்வே விஷயங்களில் மத்திய அரசின் சட்டத்துக்குத்தான் முன்னுரிமை. மாநிலம் நினைத்தாலும் 'எடு'ன்னு சொல்வது கஷ்டம். கடைசியில் வேலை செய்தது சட்டம் இல்லை, உரிமையாளரின் பெயர். வேகன்கள் பஃபெட் குழுமத்தின் யூனியன் டேங்க் காருடையவை. கெட்ட பெயர் வேண்டாம் என்று அந்த நிறுவனமே அவற்றை அகற்ற ஒப்புக்கொண்டது. உரிமையாளர் யாருக்கும் தெரியாத ஒரு கம்பெனியாக இருந்திருந்தால்? யோசிக்க வேண்டிய கேள்வி.

நின்றுகிடப்பது வெறும் கண்ணுக்கு உறுத்தும் விஷயம் மட்டும் இல்லை. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டியின் பேரிங்குக்குள் ஈரம் சேரலாம், துரு பிடிக்கலாம். வெளியே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. ஈஸ்ட் பாலஸ்டைன் வழக்கில் ரயில்வே தரப்பு இதைத்தான் பிடித்துக்கொண்டது: அந்த ஹாப்பர் நீண்ட காலம் சும்மா நின்றது, அதைக் கவனிக்க வேண்டியது உரிமையாளர்தானே? பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர ஒப்புக்கொண்ட 60 கோடி டாலரில் மற்றவர்களும் பங்கு தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2025 ஏப்ரலில் ஜூரி அதை ஏற்கவில்லை. முழுத் தொகையும் நார்ஃபோக் சதர்ன் தலையில்.

தீர்ப்பு நியாயமானதுதான். ரயிலை ஓட்டுபவர், சூடு ஏறுவதைச் சென்சாரில் பார்ப்பவர், நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் எல்லாம் ஒரே ஆள். ஆனால் அதற்காக உரிமையாளரைக் கேள்வியே இல்லாமல் விட்டுவிட முடியாது. வாடகை வாங்குபவர் பராமரிப்புக் கணக்கும் காட்டணும். ஒரு வேகன் எங்கே, எத்தனை மாதம் நின்றது என்ற விவரம் அந்த வேகனோடவே பயணிக்க வேண்டும். மறுபடி ஓட்டத்துக்கு வரும்முன் பேரிங்கைச் சோதித்த பதிவும் அதில் இருக்க வேண்டும். டெலிவரி பார்சல் எங்கே இருக்குன்னு போனில் பார்க்கும் காலத்தில் இது பெரிய தொழில்நுட்பம் இல்லை.

நமக்கு இதுல என்ன? இந்தியாவில் பெரும்பாலான வேகன்கள் இன்னும் ரயில்வேயின் கையில்தான். ஆனால் 1992-ன் 'ஓன் யுவர் வேகன்' திட்டத்தில் இருந்து 2018-ன் பொதுப்பயன் வேகன் முதலீட்டுத் திட்டம் வரை, தனியார் வேகன்களுக்குக் கதவு திறந்துகொண்டே வருகிறது. முதலீடு வரட்டும், நல்லது. பேரிங்குக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது அதைவிட நல்லது.

அமெரிக்காவில் விபத்து நடந்த அடுத்த மாதமே ரயில் பாதுகாப்பு மசோதா செனட்டுக்கு வந்தது. இரு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவந்தது, அறிமுகப்படுத்தியவர்களில் ஜே.டி. வான்ஸும் ஒருவர். அந்த செனட்டின் காலம் முடியும் வரை அது முழு சபை வாக்கெடுப்புக்கு வரவே இல்லை.